தொடர்புறு புதினங்களின் வாசிப்பு வரிசை: கல்கி, ஜெயகாந்தன், கி.ராஜநாராயணன் படைப்புகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரே ஆசிரியர் எழுதிய, கதைமாந்தராலோ நிகழ்களத்தாலோ ஒன்றோடொன்று தொடர்புற்ற புனைகதைகளை எந்த வரிசையில் வாசிப்பது என்னும் வினா, எளிய வாசகரின் ஐயமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் பாடத்திட்டம் வகுப்போரும் ஆய்வுக்கு மூலநூல் தெரிவு செய்வோரும் அதே வினாவுக்கு விடை கண்டாக வேண்டியுள்ளது. கல்கியின் வரலாற்றுப் புதினங்கள், ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ தொடங்கி வளர்ந்த மூன்று படைப்புகள், கி.ராஜநாராயணனின் கோபல்லபுரம் சார்ந்த புதினங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, வெளியீட்டு வரிசை, கதைக்கால வரிசை ஆகிய இரண்டில் எது எங்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வரிசை மாறும்போது வாசகர் இழப்பது என்ன என்பதே முடிவு செய்வதற்குரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வாசிப்பு வரிசை, கதைக்காலம், வெளியீட்டுக் காலம், தொடர்புறு புதினம், கல்கி, ஜெயகாந்தன், கி.ராஜநாராயணன்.

முன்னுரை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தை ஒட்டியுள்ள மந்தாரக்குப்பத்திலிருந்து தெற்கே சென்றால், அதே கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை அடுத்து வீராணம் ஏரி கிடக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் ஆடிப்பெருக்கு நாளன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்து சேரும் வீரநாராயண ஏரி அதுவே. இப்பகுதி மாணவர்கள் கல்கியைப் பெரும்பாலும் இந்த ஏரிக்கரையிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகின்றனர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் இயக்கத்தில் அப்புதினம் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்த பின்னர் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. வாசித்து முடித்தவர் அடுத்து எழுப்பும் வினா ஒன்றே: ‘சிவகாமியின் சபதம்’ முதலிலா, ‘பார்த்திபன் கனவு’ முதலிலா?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. கதை நிகழும் காலத்தின்படி வாசிக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் வெளிவந்த முறைப்படி வாசிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே காரணம் கூறாமல் விதியாகச் சொல்லப்படுவதே குறை. மந்தாரக்குப்பத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. திறந்தவெளிச் சுரங்கத்தில் கடைசியாகப் படிந்த மண்ணே முதலில் அகற்றப்படுகிறது. காலத்தால் முந்தைய நிலக்கரி அதன் பின்னரே கண்ணுக்குப் புலப்படுகிறது. படிந்த முறை வேறு, காணும் முறை வேறு. புனைகதையிலும் நிகழ்ச்சிகள் நடந்த முறையும் அவை வாசகருக்கு வெளிப்படும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

தமிழ் மரபில் தொடர்புறு நூல்கள்

இச்சிக்கல் அச்சுக் காலத்தில் தோன்றியது அன்று. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்கப்படுகின்றன. கோவலன், மாதவி, மணிமேகலை ஆகியோர் வழியாக இரண்டின் கதையும் தொடர்கிறது. சிலப்பதிகாரத்தின் நூற்கட்டுரை, தன் பொருள் மணிமேகலையோடு சேர்ந்தே நிறைவுறுவதாகக் குறிப்பிடுகிறது. பதிகங்களின்படி, சாத்தனார் கூறக் கேட்டு இளங்கோவடிகள் பாடினார். சாத்தனார் பாடியதை இளங்கோவடிகள் கேட்டார். ஒருவர் நூலுக்கு மற்றவர் முதற்கேட்பாளர் என்னும் இவ்வமைப்பு, இரண்டையும் சேர்த்தே அறிய வேண்டும் என்னும் எண்ணம் பழைமையானது என்பதைக் காட்டுகிறது.

உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அச்சு நூல்வழி இக்காப்பியங்களை அறிந்த முதல் தலைமுறையினர்க்குக் கதைக்கால வரிசையும் வெளியீட்டு வரிசையும் ஒன்றாகவே அமைந்தன. இரண்டும் பிரியும் நிலை, இருபதாம் நூற்றாண்டின் இதழ்வழித் தொடர்கதைகளில்தான் தமிழ் வாசகர்க்குத் தெளிவாக எதிர்ப்பட்டது.

கல்கி: கதைக்காலத்துக்கு எதிரான வெளியீடு

‘பார்த்திபன் கனவு’ கல்கி இதழில் 1941ஆம் ஆண்டு தொடங்கி 1943 வரை வெளிவந்தது. ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரையும், ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையும் வெளிவந்தன. மூன்றும் முறையே மூன்று, நான்கு, ஐந்து பாகங்களைக் கொண்டவை. முதல் இரண்டும் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் காலத்தைச் சார்ந்தவை. மகேந்திரவர்மனின் ஆட்சியில் தொடங்கி 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த வாதாபி வெற்றியில் உச்சம் கொள்வது ‘சிவகாமியின் சபதம்’. நரசிம்மவர்மன் வலிமை மிக்க பேரரசனாக, குந்தவி என்னும் மகளுக்குத் தந்தையாக விளங்கும் காலத்தைப் பேசுவது ‘பார்த்திபன் கனவு’. எனவே பிந்திய காலத்துக் கதை முன்னர் எழுதப்பட்டது. முந்திய காலத்துக் கதை பின்னர் எழுதப்பட்டது.

கதைக்கால வரிசையை வலியுறுத்துவோர், நரசிம்மவர்மனின் வாழ்க்கையை இளமை முதல் தொடர்ந்து அறியலாம் என்பர். அது உண்மையே. ஆயினும் அவ்வரிசையில் ‘பார்த்திபன் கனவு’ இழப்பவை மூன்று.

முதலாவது, பார்வைக் கோணம். ‘பார்த்திபன் கனவு’ சோழர் பக்கம் நின்று சொல்லப்படும் கதை. கப்பம் செலுத்த மறுத்துப் போர்க்களத்தில் வீழும் பார்த்திபன், தந்தையின் கனவை நெஞ்சில் சுமந்து வளரும் விக்கிரமன், அவர்களுக்குத் துணைநிற்கும் படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி ஆகியோரின் கண்களுக்குப் பல்லவ மன்னன் பகைவன். வாசகரும் தொடக்கத்தில் அப்பகையுணர்வைப் பகிர்ந்துகொண்டால்தான், அது மெல்ல மெல்லக் கரைவது பொருள்படும். ‘சிவகாமியின் சபதம்’ நூலில் நரசிம்மனின் காதலையும் இழப்பையும் நான்கு பாகங்கள் உடனிருந்து அறிந்த ஒருவர், விக்கிரமனின் வெறுப்பை வெளியே நின்று பார்ப்பாரேயன்றி உள்ளிருந்து உணர மாட்டார்.

இரண்டாவது, மறைபொருள். போர்க்களத்தில் உயிர்விடும் பார்த்திபனுக்கு வாக்களித்து, அவன் மகனுக்கு வழிகாட்டும் சிவனடியார் யார் என்பதே ‘பார்த்திபன் கனவு’ கதையின் மையப் புதிர். ‘சிவகாமியின் சபதம்’ நூலில் மகேந்திரவர்மன் வஜ்ரபாகுவாக மாறுவேடம் பூண்டு திரிவதைக் கண்ட வாசகர்க்கு, பல்லவ அரசர்கள் மாறுவேடத்தில் வல்லவர் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. புதிர் அவிழும் முன்னரே விடை கைக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது, ஒரு பாத்திரத்தின் அடையாளம். ‘பார்த்திபன் கனவு’ நூலில் ஒற்றைக் கையுடைய காபாலிகர் ஒருவர் அச்சமூட்டும் மனிதராக வருகிறார். அவர் சளுக்க மன்னன் புலிகேசியின் உடன்பிறந்தான் நீலகேசி என்பது இறுதியிலேயே வெளிப்படுகிறது. பின்னர் எழுதப்பட்ட ‘சிவகாமியின் சபதம்’, அவனை நாகநந்தி என்னும் பிக்ஷுவாக அறிமுகப்படுத்தி, அவன் கை துண்டிக்கப்பட்ட வரலாற்றையும் கூறுகிறது. கதைக்கால வரிசையில் வாசிப்பவர் ஒற்றைக் கையரைக் கண்ட உடனேயே அடையாளம் கண்டுகொள்வார்.

எதிர்த்திசையிலும் இழப்பைக் கணக்கிட வேண்டும். ‘பார்த்திபன் கனவு’ நூலை முன்னர் வாசித்தவர், நரசிம்மவர்மன் வெற்றிபெற்று நெடுங்காலம் ஆண்டான் என்பதை அறிந்தே ‘சிவகாமியின் சபதம்’ நூலுக்குள் நுழைகிறார். ஆனால் வாதாபி வெற்றி வரலாறு அறிந்த எவர்க்கும் தெரிந்த செய்தி. அப்புதினம் வெற்றி கிட்டுமா என்னும் ஐயத்தால் நடப்பது அன்று. அவ்வெற்றிக்குச் சிவகாமி கொடுத்த விலை என்ன என்பதால் நடப்பது. அவ்விலை குறித்த செய்தியை முன்னரே அறிவதால் புதினம் மெலிவதில்லை. நாகநந்தியின் கதியோ, அவன் நீலகேசி என்பது தெரியவரும் வரை வெளியீட்டு வரிசை வாசகர்க்கும் புலப்படுவதில்லை. கை இழக்கும் இடத்தில் அவர் பெறுவது, முன்பு கண்ட ஒருவரை மீண்டும் கண்டுகொள்ளும் அனுபவம்.

ஆகவே இவ்விரு புதினங்களைப் பொறுத்தவரை முதல் வாசிப்புக்கு வெளியீட்டு வரிசையே ஏற்றது. ஒரு வரிசையில் ஒரு நூல் பெரிதும் இழக்கிறது. மற்றொன்றில் இழப்பு மிகச் சிறிது.

‘பொன்னியின் செல்வன்’ இவற்றிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிந்தியது. கதைமாந்தர் தொடர்ச்சி இல்லை. ஆயினும் பார்த்திபன் கண்ட கனவு விக்கிரமன் காலத்தில் முழுமையாக நிறைவேறவில்லை என்றும், பின்வந்த பெருஞ்சோழர் காலத்திலேயே நிறைவுற்றது என்றும் முதற்புதினம் முடிகிறது. அம்முடிவை அறிந்த பின் ‘பொன்னியின் செல்வன்’ வாசிப்போர்க்குச் சோழர் எழுச்சி, நெடுநாள் காத்திருப்பின் பயனாகத் தோன்றும். அறியாதவர்க்கும் கதை விளங்குவதில் தடை ஏதும் இல்லை. ஆகவே வீராணம் ஏரிக்கரையிலிருந்து தொடங்கிவிட்ட மாணவர் கலங்க வேண்டியதில்லை. அவர் அடுத்து எடுக்க வேண்டியது ‘பார்த்திபன் கனவு’ என்பதை மட்டும் ஆசிரியர் அறிவுறுத்தினால் போதும்.

உலக இலக்கியத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. சி.எஸ்.லூயிஸின் நார்னியா கதைகள் ஏழும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. நார்னியா உலகம் தோன்றியதைக் கூறும் நூல் ஆறாவதாக, 1955இல் வெளிவந்தது. பிற்காலப் பதிப்புகள் அதனை முதல் நூலாக எண்ணிட்டன. கதைக்கால வரிசையை ஆதரித்து லூயிஸ் 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எனினும் அறியா உலகுக்குள் ஒரு சிறுமியோடு சேர்ந்து நுழையும் வியப்பு, முதலில் வெளிவந்த நூலை முதலில் வாசிப்போர்க்கே கிட்டும் என்பது வெளியீட்டு வரிசையை ஆதரிப்போரின் வாதம். ஆசிரியரின் விருப்பம் ஒரு சான்றே. அதுவே தீர்ப்பு ஆகாது என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது.

ஜெயகாந்தன்: காலவரிசையே இல்லாத தொடர்ச்சி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனின் மூன்று படைப்புகள் வேறொரு சிக்கலை முன்வைக்கின்றன. ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை நாளொன்றில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிச் சென்று நிலைகுலைந்து வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, அவள் தாய் தலையில் நீரூற்றித் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொள்வதாக அக்கதை முடிகிறது. அம்முடிவு கடும் விவாதத்தை எழுப்பியது. அதன் தொடர்ச்சியாக, தாய் அவ்வாறு ஏற்காமல் கூக்குரலிட்டிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்னும் வினாவிலிருந்து ஒரு புதினம் பிறந்தது. தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்னும் தலைப்பில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூலாகியது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. 1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ அதன் தொடர்ச்சியாக வெளிவந்தது.

இங்கே சிறுகதையும் புதினமும் ஒரே கதையின் முற்பகுதியும் பிற்பகுதியும் அல்ல. ஒரே நிகழ்ச்சியிலிருந்து பிரியும் இரு வழிகள் அவை. ஒன்று மெய்யானால் மற்றொன்று நிகழ்ந்திருக்க இயலாது. அதற்கும் மேலாக, புதினத்தின் நாயகி கங்கா வார இதழில் வாசிக்கும் கதையாக அதே சிறுகதை புதினத்துக்குள் இடம்பெறுகிறது. அதனை எழுதியவராக ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் பாத்திரமாக வருகிறார். புதின உலகில் அச்சிறுகதை, நடந்ததை மாற்றி ஒருவர் எழுதிய கற்பனை.

இந்நிலையில் கதைக்கால வரிசை என்பது பொருளற்றதாகிறது. சிறுகதையின் நிகழ்ச்சி காலத்தால் முந்தியது என்றால், புதினத்தின்படி அது அவ்வாறு நிகழவே இல்லை. ஆகவே இங்கு வரிசையை முடிவு செய்வது வாசகரின் அனுபவம் மட்டுமே.

புதினத்தை முதலில் வாசிப்பவர், சிறுகதையைப் பின்னர் வாசிக்கும்போது அதனை ஆர்.கே.வி.யின் எழுத்தாகவே காண்பார். தாயின் செயல் அவர்க்கு நிகழாமற்போன ஒன்றாக, ஒரு ஏக்கமாக மட்டுமே தோன்றும். சிறுகதையை முதலில் வாசிப்பவர்க்கோ அச்செயல் முழுமையான உண்மை. பின்னர் புதினம் அந்த உண்மையைப் பறிக்கிறது. இதழில் தன் வாழ்வின் மாற்று வடிவத்தைக் கண்டு கங்கா கலங்கும்போது, அதே வடிவத்தை நம்பி வாசித்த வாசகரும் அவளோடு சேர்ந்து கலங்குகிறார். 1968ஆம் ஆண்டின் தொடர்கதை வாசகர் பலர் சிறுகதையையும் அதன் விவாதத்தையும் நினைவில் வைத்திருந்தவர். புதினம் அந்நினைவை நம்பியே கட்டப்பட்டுள்ளது. இன்றைய மாணவர்க்கு அந்நினைவு இல்லை. வாசிப்பு வரிசை ஒன்றே அதனை ஈடுசெய்ய வல்லது.

இதில் கற்பித்தல் சார்ந்த பொறுப்பும் அடங்கியுள்ளது. சிறுகதையை மட்டும் பாடமாக வைத்தால், சிக்கலைத் தாயின் பெருந்தன்மை தீர்த்துவிட்டது என்னும் முடிவோடு மாணவர் வெளியேறுவர். அக்கதையில் தீர்ப்பு தாயின் கையில் உள்ளது. பாதிக்கப்பட்ட பெண்ணின் குரல் நீண்டு ஒலிப்பது புதினத்தில்தான். எனவே சிறுகதையைக் கற்பிக்கும் ஆசிரியர், புதினம் என்னும் மறுவழி உள்ளது என்பதையேனும் வகுப்பில் குறிப்பிடுதல் கடமை. ‘கங்கை எங்கே போகிறாள்’ மட்டும் இத்தொகுதியில் நேர்த்தொடர்ச்சி. புதினத்தை அறியாமல் அதனை வாசிப்பதில் பயன் குறைவு.

கி.ராஜநாராயணன்: ஊரே தொடர்ச்சியாகும் நிலை

மூன்றாவது வகைக்குக் கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976), 1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’, ‘அந்தமான் நாயக்கர்’ ஆகியன சான்று. இங்குத் தொடர்வது ஒரு தனிமனிதரின் வாழ்க்கை அன்று. ஓர் ஊரும் அதன் சமூகமும் ஆகும். தெலுங்கு நாட்டிலிருந்து இடம்பெயர்ந்தோர் கரிசல் நிலத்தில் காடழித்து ஊர் அமைத்ததை மங்கத்தாயார் அம்மாள் என்னும் முதியவளின் நினைவுவழி முதல் நூல் கூறுகிறது. அடுத்து வருவது அவ்வூர் மக்களின் வாழ்க்கையை விடுதலை இயக்கக் காலம் வரை கொண்டுசெல்கிறது.

இங்குக் கதைக்கால வரிசையும் வெளியீட்டு வரிசையும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. மறைபொருள் ஏதும் இல்லை. நிகழ்ச்சிகள் தனித்தனியே நிற்பவை. ‘கோபல்லபுரத்து மக்கள்’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது முதல் நூலை வாசித்திராதவர்களும் அதனைத் தொடர்ந்து வாசிக்க முடிந்ததற்கு இதுவே காரணம் எனலாம். வரிசை மாறினால் கதை குழம்புவதில்லை.

ஆயினும் ஒன்று குறைகிறது. இரண்டாவதை முதலில் வாசிப்பவர்க்கு ஊர் என்பது என்றும் இருந்து வருவதாகத் தோன்றும். முதல் நூலை வாசித்தவர்க்கோ அது சிலர் வந்து, அஞ்சி, உழைத்து உண்டாக்கியது என்பது நினைவில் நிற்கும். நெய்வேலிப் பகுதி வாசகர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின் பல ஊர்கள் சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்தன. பல மாவட்டத்தார் வேலை தேடி வந்து குடியேறினர். ஊர் என்பது உண்டாக்கப்படுவதும் இழக்கப்படுவதும் ஆகும் என்பதை அறிந்த இவ்வட்டார மாணவர்க்கு, ‘கோபல்ல கிராமம்’ முதலில் கிடைப்பது கூடுதல் பொருள் தரும்.

வரிசையை முடிவு செய்யும் வினாக்கள்

மேற்கண்ட மூன்று வகைகளிலிருந்து, எத்தொகுதிக்கும் பொருந்தக்கூடிய நான்கு வினாக்களைப் பெறலாம்.

1. ஒரு நூல் இறுதிவரை காக்கும் மறைபொருளை மற்றொரு நூல் தொடக்கத்திலேயே வெளிப்படுத்துகிறதா? ஆமெனில், மறைபொருளைக் காக்கும் நூல் முதலில் அமைய வேண்டும்.

2. ஒரு நூலில் பகைவராகவோ அயலாராகவோ காணப்படும் மாந்தர் மற்றொன்றில் நாயகராக உள்ளாரா? ஆமெனில், தொலைவிலிருந்து காட்டும் நூலை முன்னும் நெருங்கிக் காட்டும் நூலைப் பின்னும் வைக்கலாம்.

3. ஒரு நூல் மற்றொன்றை மறுக்கிறதா, மாற்றி எழுதுகிறதா? ஆமெனில், மறுக்கப்படுவதை முதலில் வாசிக்காமல் மறுப்பு விளங்காது.

4. தொடர்வது மாந்தரா, இடமா? இடமே தொடர்ச்சியாயின் வரிசை தளர்வானது. கையில் கிடைக்கும் நூலிலிருந்து தொடங்கலாம்.

இறுதி வினா நடைமுறையில் இன்றியமையாதது. சிற்றூர் நூலகங்களில் பலபாகப் புதினங்கள் எப்போதும் முழுமையாகக் கிடைப்பதில்லை. முதற்பாகம் ஒருவரிடமும் மூன்றாம் பாகம் வேறொருவரிடமும் இருக்கும். அத்தகைய நிலையில் எந்த வரிசை சிறந்தது என்று மட்டும் கூறுவது போதாது. எந்த மீறல் பொறுக்கத்தக்கது என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். ஒரே புதினத்தின் பாகங்களை மாற்றி வாசித்தல் கூடாது. ‘பொன்னியின் செல்வன்’ நூலை ஏனைய இரண்டுக்கு முன் வாசித்தல் பொறுக்கத்தக்கது. ‘சிவகாமியின் சபதம்’ நூலை முன்வைத்துப் ‘பார்த்திபன் கனவு’ நூலைப் பின்வைத்தல் இயன்றவரை தவிர்க்கத்தக்கது.

மறுவாசிப்புக்கும் ஆய்வுக்கும் இவ்விதிகள் கட்டாயம் அல்ல. மறைபொருள் தெரிந்த பின் வரிசை என்பது நோக்கத்தைப் பொறுத்தது. பல்லவர் கால வரலாற்றைக் கல்கி புனைவாக்கிய முறையை ஆராய்வோர் கதைக்கால வரிசையைக் கொள்ளலாம். அவருடைய கதைக்கட்டமைப்பு மூன்று பாகத்திலிருந்து ஐந்து பாகமாக விரிந்ததை ஆராய்வோர் வெளியீட்டு வரிசையைக் கொள்ள வேண்டும். எவ்வரிசையைக் கொண்டனர் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகக் கூறுதல் நலம். நரசிம்மவர்மனின் பாத்திர வளர்ச்சி எனப் பேசும் ஒருவர், அது பாத்திரம் வளர்ந்ததா, ஆசிரியரின் கைத்திறன் வளர்ந்ததா என்பதைப் பிரித்துக் காட்ட இது உதவும்.

முடிவுரை

தொடர்புறு புதினங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே வாசிப்பு வரிசை இல்லை. கல்கியின் பல்லவர் காலப் புதினங்களுக்கு வெளியீட்டு வரிசை தேவையாகிறது; காரணம், மறைபொருளும் பார்வைக் கோணமும். ஜெயகாந்தனின் படைப்புகளுக்கும் அதுவே பொருந்துகிறது. ஆனால் காரணம் வேறு. அங்குப் பின்னது முன்னதை மறுதலித்து எழுகிறது. கி.ராஜநாராயணனின் நூல்களில் வரிசை தளர்கிறது. எனினும் ஊர் உண்டான கதையை முன்னறிதல் நன்று. ஆகவே மாணவர் வரிசை கேட்கும்போது நூற்பட்டியலை மட்டும் தருவதினும், வரிசை மாறினால் அவர் எதனை இழப்பார் என்பதை விளக்குவதே ஆசிரியர்க்குரிய பணி. அவ்விளக்கம் பெற்ற மாணவர், அடுத்த தொகுதிக்குரிய வரிசையைத் தாமே கண்டுகொள்வார்.